யஷ்பாலும் தமிழ்த் திரையும்

ஒரு சமூகத்தார் எவ்வளவு அறிந்திருக்கின்றனர் என்பதை அவர்தம் நூல்நிலையங்களைக் கொண்டு அளந்துவிடலாம். அவர்கள் எவ்வளவு கேட்கத் துணிந்திருக்கின்றனர் என்பதை அளக்க வேண்டுமாயின், அவர்தம் குழந்தைகளைத்தான் நோக்க வேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அதட்டுவதும், வாய் திறவாத பிள்ளையை அடக்கமானவன் என்று மெச்சுவதும் நம் வீடுகளை விட்டு இன்னும் அகலவில்லை. பகுத்தறிவைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம், ஏடுதோறும் எழுதுகிறோம். ஆயினும் பகுத்தறிவின் முதற்படி ஒரு சிறு பிள்ளையின் 'ஏன்?' என்னும் சொல்லே என்பதை எத்தனை பேர் உணர்ந்திருக்கிறோம்? அச்சொல்லை ஒரு பெருநாட்டின் தொலைக்காட்சித் திரையிலே மதிப்புடன் அமர்த்திவைத்த ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை. அவர் பேராசிரியர் யஷ்பால்.

அன்னார் தமிழர் அல்லர். தமிழில் ஒரு சொல்லும் அவர் திரையில் பேசியதில்லை. இந்தியும் ஆங்கிலமுமே அவர் கருவிகள். அவ்வாறிருக்க, பினாங்கிலிருந்து எழுதும் ஒருவன் தமிழ் வார ஏடொன்றில் அவரை எடுத்து ஆராய்வானேன் என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. 1929-ஆம் ஆண்டு பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தபோது கப்பலை விட்டிறங்கியது இதே பினாங்கிலேதான். அன்று முதல் இந்நாட்டுத் தமிழரிடையே சீர்திருத்தப் பேச்சு ஓய்ந்ததில்லை. ஓயாத அப்பேச்சின் நடுவே, மூட நம்பிக்கையைக் கண்டிக்கும் கலையில் நாம் தேர்ந்துவிட்டோம். அதனிடத்தில் வேறொன்றை நடும் கலையில் தேறினோமா என்பதே ஐயம். யஷ்பால் அந்த இரண்டாம் கலையில் வல்லவர். அவருடைய வெற்றியிலும் நமக்குப் பாடம் உண்டு; தோல்வியிலும் உண்டு.

வாழ்க்கை வரலாற்றை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1926-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள், இன்று பாகிஸ்தானுக்கு உட்பட்ட ஜங் என்னும் ஊரில் பிறந்தார். லாகூரில் பௌதிகம் பயின்றுகொண்டிருந்தபோது 1947-இன் பிரிவினை வந்தது. நாடு இரண்டானது; குடும்பங்கள் வேரோடு பெயர்ந்தன. அந்தக் குழப்பத்தினூடே டில்லிக்கு வந்து படிப்பைத் தொடர்ந்து, 1949-இல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் பம்பாயில் ஹோமி பாபா தோற்றுவித்திருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, விண்வெளியிலிருந்து புவியின்மீது ஓயாது பொழியும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1958-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் பெயர் விஞ்ஞானிகளின் வட்டத்துக்கு வெளியே தெரிந்திராது.

அவரை மக்களிடம் கொண்டுவந்தது செயற்கைத் துணைக்கோள். 1969-இல் விக்ரம் சாராபாய் முயற்சியால் இந்தியாவுக்கும் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றை ஓராண்டு காலம் இரவல் பெற்று, தொலைக்காட்சியே கண்டிராத சிற்றூர்களுக்கு நேரே நிகழ்ச்சிகளை அனுப்புவது திட்டம். சாராபாய் 1971-இல் மறைந்தார். 1973-இல் அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்துக்குத் தலைவராக வந்த யஷ்பாலின் தோள்மீது அப்பொறுப்பு விழுந்தது. 1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 1976 ஜூலை முடிய, ஆறு மாநிலங்களைச் சார்ந்த சுமார் 2400 சிற்றூர்களில் அந்தச் சோதனை நடந்தது. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பி வலையை மூன்று மீட்டர் அகலக் குடையாக விரித்து, அதனையே விண்ணலை வாங்கும் ஏனமாக ஆக்கினர். மண்சுவர்ப் பள்ளிக்கூடங்களின் முற்றத்தில் அக்குடைகள் வானை நோக்கி நிமிர்ந்து நின்றன. துணைக்கோள்வழிச் செய்தித் தொடர்பை 1945-இலேயே முன்னறிந்து எழுதிய ஆர்தர் கிளார்க், கொழும்பிலே தம் இல்லத்தில் நிறுவப்பட்ட கருவியின் வழியே அந்நிகழ்ச்சிகளைப் பார்த்தார்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது கருவியின் விந்தையை அன்று. வல்லரசுகள் துணைக்கோளை ஒற்றுக்கும் போருக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்திய காலம் அது. அதே காலத்தில், அக்கோளின் முதற்பயன் மின்சாரமே எட்டிப்பாராத கிராமத்துப் பிள்ளைகளுக்கு என்று சிலர் துணிந்தனர். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம்; மாலையில் ஊராருக்கு இரண்டரை மணி நேரம். பிள்ளைகளுக்கான விஞ்ஞான நிகழ்ச்சிகளைப் பம்பாயில் தயாரித்தனர். சிற்றூர்ப் பிள்ளைக்கு விஞ்ஞானம் சொல்ல வேண்டுமாயின், அப்பிள்ளையின் கைக்கெட்டும் பொருளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட நெறி.

அந்நெறி தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு கல்விச் சோதனை தொடங்கிற்று. பாடத்தை மனப்பாடம் செய்வதற்கு மாறாக, பிள்ளைகள் வயலிலும் குட்டையிலும் கிடைப்பவற்றைக் கொண்டு தாமே சோதித்து, தாமே கண்டு, தாமே எழுத வேண்டும் என்பது அதன் அடிப்படை. டாட்டா நிலையத்தின் விஞ்ஞானிகள் அதற்குத் துணை நின்றனர். யஷ்பால் அவர்களுள் ஒருவர். ஆராய்ச்சிக்கூடத்தில் அமர்ந்து விண்ணின் கதிர்களை எண்ணிக்கொண்டிருந்தவர், கிராமத்துப் பள்ளியின் மண்தரையில் அமர்ந்து பிள்ளைகளின் கேள்விகளை எண்ணக் கற்றார். திரையில் அவர் பிற்காலத்தில் பெற்ற புகழுக்கு வித்து அங்கே ஊன்றப்பட்டது என்பது என் துணிபு.

நிற்க. தொண்ணூறுகளில் இந்திய அரசின் தூரதர்ஷன் 'டர்னிங் பாயின்ட்' என்னும் விஞ்ஞான நிகழ்ச்சியை ஒளிபரப்பிற்று. அதனை நடத்தியவர் நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட். நேயர்கள் எழுதியனுப்பிய வினாக்களுக்கு விடையிறுக்கும் பகுதிக்கு யஷ்பால் வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. விண்வெளி மையத்தையும், ஐக்கிய நாடுகளின் விண்வெளி மாநாட்டையும், விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறையையும், பல்கலைக்கழக மானியக் குழுவையும் நடத்தி ஓய்ந்தவர். அத்தகைய பெரியவர் ஒருவர் திரையில் தோன்றினால் எவ்வாறு பேசுவார் என்பதை நாம் அறிவோம். முதலில் தம் தகுதியைக் காட்டுவார். பின்பு நம் தகுதியின்மையைக் காட்டுவார். இறுதியில், நேரமிருந்தால், விடையைக் காட்டுவார். யஷ்பாலோ வினாவை முதலில் பாராட்டினார். அதனை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்ப்பவர்போலச் சற்றே யோசித்தார். பின்பு, அறையின் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் பேரப்பிள்ளைக்குச் சொல்வது போல, சமையலறையையும் வீதியையும் துணைக்கழைத்து, படிப்படியாக விடையை நோக்கி நடந்தார். அவரோடு நேயரும் நடந்தார்.

இவ்வியல்பைச் சிலர் வெறும் இனிய சுபாவம் என்று கருதுவர். நான் அவ்வாறு கருதவில்லை. அதனுள்ளே ஒரு கொள்கை இருக்கிறது. தொலைக்காட்சி என்னும் கருவியின் அமைப்பே ஒருவர் சொல்லப் பலர் கேட்பது. புராணப் பிரசங்கத்தின் அமைப்பும் அதுவே. காவி உடுத்தவர் இருந்த ஆசனத்தில் பட்டம் பெற்றவரை ஏற்றிவிட்டால் மட்டும் அறியாமை ஒழிந்துவிடாது. ஒரு குருவின் இடத்தில் மற்றொரு குரு வந்தமர்வார், அவ்வளவே. விஞ்ஞானி சொன்னார் என்பதற்காக ஒன்றை நம்புகிறவன், சோதிடர் சொன்னார் என்பதற்காக மற்றொன்றை நாளைக்கு நம்பமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? யஷ்பால் இவ்வாபத்தை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் நடத்திய முறையே சான்று. கடிதம் எழுதிய சிறுவனும், கடை வைத்திருப்பவரும், இல்லத்தரசியும் முன்னே நின்றனர். விடை சொன்னவர் அவர்களைப் பின்தொடர்ந்தார். அறிவின் இருக்கையில் வினாவை அமர்த்தி, தாம் அருகே நின்றுகொண்டார். அவர் செய்த பணிகளுள் தலையாயது இதுவே என்பேன்.

1995-ஆம் ஆண்டு அவர் நெறிக்கு ஓர் அரிய உரைகல்லாய் அமைந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், பிள்ளையார் சிலைகள் பால் குடிக்கின்றன என்னும் செய்தி டில்லியில் கிளம்பி, பகல் முடிவதற்குள் நாடெங்கும் பரவி, கடல் கடந்து இலண்டன் வரை சென்றது. கோயில்களின் முன் வரிசை நீண்டது. பால் விலை ஏறிற்று. படித்தவரும் பதவியில் இருந்தவருமே வரிசையில் நின்றனர் என்பதை மறைப்பானேன்? விஞ்ஞானத் துறையினர் வண்ணம் கலந்த பாலைக் கொண்டு அதன் உண்மையை விளக்கினர். கரண்டியின் விளிம்புவரை நிறைந்த பால் சிலையின் கல்லைத் தொட்டவுடன், நீர்ப்பொருள்களுக்கெல்லாம் இயல்பாயுள்ள பரப்பு இழுவிசையால் விளிம்பைத் தாண்டி மேலே இழுக்கப்படுகிறது. பின்பு மெல்லிய படலமாய்ச் சிலையின்மேல் வழிந்து கீழே செல்கிறது. வெண்பாலாய் இருந்தபோது கண்ணுக்குப் படாத அப்படலம், வண்ணப் பாலில் வெளிப்படையாய்த் தெரிந்தது. பிள்ளையாரின் மார்பில் ஓடிய அந்த வண்ணக்கோடு, ஆயிரம் கண்டனச் சொற்பொழிவுகள் செய்யாததைச் செய்தது. அது யாரையும் ஏசவில்லை. 'பார்' என்று மட்டும் கூறிற்று.

ஒரு திங்கள் கழிந்தது. அக்டோபர் 24-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம். அதன் இருட்பாதை இராஜஸ்தான் முதல் வங்காளம் வரை இந்தியாவின்மீது விழுந்து, பர்மாவையும் தாய்லாந்தையும் கடந்து சென்றது. இதற்குப் பதினைந்து ஆண்டுகட்குமுன், 1980 பிப்ரவரி 16-ஆம் நாள், தென்னிந்தியாவில் முழுக் கிரகணம் தோன்றியபோது நடந்ததை இங்கே நினைவு கூர்தல் வேண்டும். அன்று வீதிகள் வெறிச்சோடின. மக்கள் கதவையும் சன்னலையும் அடைத்து உள்ளே கிடந்தனர். தொலைக்காட்சியும் அப்பிற்பகலில் ஒரு திரைப்படத்தைக் காட்டி அவர்களை வீட்டுக்குள்ளேயே இருத்தி வைத்தது. 1995-இல் அதே தூரதர்ஷன் கிரகணத்தையே காட்டிற்று. யஷ்பால் உடனிருந்து நேர்முக வருணனை செய்தார். சூரியனின் விளிம்பைச் சந்திரன் மெல்ல மெல்லக் கவ்வுவதையும், நடுக்காலையில் பொழுது மங்குவதையும், கரிய வட்டத்தைச் சுற்றி ஒளிமுடி மலர்வதையும் இலட்சக்கணக்கான வீடுகள் கண்டன. இராகுவும் கேதுவும் விழுங்குவதாய்ச் சொல்லப்பட்ட அதே காட்சி, ஒரு கிழவரின் குரலில் இருந்த வியப்பினால் அஞ்சத்தக்கதாய் இராமல் காணத்தக்கதாய் மாறிற்று. ஒரே ஒளிபரப்பு நிலையம், பதினைந்தே ஆண்டுகள். கதவடைத்த கை கதவைத் திறந்தது. இது சிறிய சீர்திருத்தமா?

இனி, அவர்மீது சாட்டத்தக்க குறைகளையும் கூறுதல் திறனாய்வாளன் கடமை.

முதற்குறை, அவர் மிகவும் மென்மையானவர் என்பது. மூடத்தனத்தை நேருக்கு நேர் நின்று தாக்கியவர்கள் உண்டு. இலங்கையில் ஆபிரகாம் கோவூர், மாயாசக்தி உடையோம் என்ற சாமியார்களை எல்லாம் சோதனைக்கு வருமாறு அறைகூவி, வென்றவர்க்குப் பெரும்பரிசு அளிப்பதாக அறிவித்தார். தூரதர்ஷனில் 'பிரம்மாண்ட்' என்னும் வானியல் தொடரை வழங்கிய ஜயந்த் நார்லிகர், சோதிடத்தையே ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். பிள்ளைகளின் 200 ஜாதகங்களைத் திரட்டி, எவை அறிவிற் சிறந்த பிள்ளைகளுடையவை, எவை மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடையவை என்று கூறுமாறு சோதிடர்களைக் கேட்டார். ஒவ்வொருவர்க்கும் 40 ஜாதகங்கள். 27 சோதிடர்கள் தந்த விடைகளில் சராசரியாய் நூற்றுக்கு 46 சரியாயின. காசைச் சுண்டிப் பார்த்திருந்தால் நூற்றுக்கு 50 சரியாகியிருக்கும்! அம்முயற்சியில் அவருக்குத் துணைநின்ற நரேந்திர தாபோல்கர், 2013 ஆகஸ்டு 20-ஆம் நாள் புனேயின் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூடத்தனத்தோடு நேரே பொருதுபவர் எத்தகைய விலை கொடுக்க நேர்கிறது என்பதற்கு அக்குருதி சாட்சி. அவர்களோடு ஒப்பிடுங்கால், யஷ்பாலின் இன்சொல் போதுமானதா என்னும் வினா எழத்தான் செய்யும்.

என் கருத்து இது: தாபோல்கரின் வீரம் இன்றேல் மூடத்தனத்தின் வணிகம் ஒழியாது; யஷ்பாலின் வியப்பு இன்றேல் அது ஒழிந்த இடம் நிரம்பாது. வெறுமையாய் விடப்பட்ட நிலத்தில் களையே முதலில் முளைக்கும். நம்பிக்கையை இழந்தவனுக்கு ஆராய்ச்சியின் இன்பத்தைக் கொடாவிட்டால், அவன் மற்றொரு நம்பிக்கையைத் தேடிக்கொள்வான். கோயிலை விட்டு வந்தவர் பலர் எண்கணிதத்திலும், பெயர் மாற்றத்திலும், வாஸ்துவிலும் சென்று வீழ்வதை நாம் கண்முன் காணவில்லையா?

ஆயினும் மென்மைக்கு எல்லை உண்டு என்பதும் உண்மை. யஷ்பால் 1986 முதல் 1991 வரை தலைமை வகித்த அதே பல்கலைக்கழக மானியக் குழு, 2001-இல் சோதிடத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க முன்வந்தது. விஞ்ஞானிகள் எதிர்த்து வழக்காடியும் 2004-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தடுக்க மறுத்துவிட்டது. முப்பதாண்டு நடந்த ஹோசங்காபாத் முயற்சியும் 2002-இல் அரசாங்கத்தால் நிறுத்தப்பட்டது. திரையில் மக்களின் வியப்பை வென்றவர்கள் அரசாங்கத்தின் கோப்பை வெல்லவில்லை. இதனை யஷ்பாலின் தனிக்குறை என்று கூறுதல் அநீதி. பொறுக்க முடியாத இடத்தில் அவர் வழக்கு மன்றம் ஏறவும் தயங்கியவரல்லர்: சத்தீஸ்கர் மாநிலத்தில் கட்டடமும் ஆசிரியரும் இல்லாமல் பெயரளவில் முளைத்த நூற்றுக்கு மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் 2005-இல் அவர் தொடுத்த வழக்கினால் சட்டப் பாதுகாப்பை இழந்தன. எனினும், நேயரின் உள்ளத்தில் வினாவை விதைப்பது ஒரு பாதிப்பணியே. அவ்வினாவைக் காக்கும் அமைப்புகளை எழுப்புவது மறுபாதி என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

இரண்டாம் குறை இன்னும் கசப்பானது. அவர் பாடுபட்டு நட்ட கருவியே அவர் நோக்கத்துக்கு மாறாய்ப் போயிற்று. துணைக்கோள்வழித் தொலைக்காட்சி 1975-இல் கம்பி வலைக் குடையின் வழியே கிராமத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தது. இன்று அதே தொலைக்காட்சி வீட்டுக் கூரைதோறும் சிறிய தட்டின் வழியே என்ன கொண்டுவருகிறது? தமிழ் ஒளிவழிகளைத் திறந்தால், விடியற்காலையில் முதலில் வரவேற்பது இராசிபலன். அதன் பின் கல்லின் மகிமை. அதன் பின் பெயர்ச்சிப் பலன். விண்ணிலே கோளைச் செலுத்தும் அறிவைக் கொண்டு, விண்ணிலுள்ள கோள்கள் நம் திருமணத்தைத் தடுப்பதாய்ப் பரப்பும் விந்தையை என்னென்பது! இங்கே பினாங்கில் ஆஸ்ட்ரோவின் தட்டு இல்லாத தமிழர் வீட்டைத் தேடித்தான் காண வேண்டும். அத்தட்டின் பரம்பரை அகமதாபாத்தின் கோழிவலைக் குடையிலிருந்து தொடங்குகிறது என்பதை அறிந்தவர் சிலரே.

மூன்றாவது மொழி. இதனை அவர் குறையென்று கூறுவதைவிட நம் குறையென்று கூறுவதே பொருந்தும். 1975-இன் துணைக்கோள் சோதனையில் தமிழ்நாடு சேர்க்கப்படவில்லை. அதன் நிகழ்ச்சிகள் இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா ஆகிய மொழிகளில் அமைந்தன. 'டர்னிங் பாயின்ட்' தமிழில் வந்ததில்லை. ஆனால் தமிழில் விஞ்ஞானம் சொல்ல ஆளில்லை என்று எவரும் கூற முடியாது. 1891-இல் பிறந்து 1986-இல் மறைந்த பெ. நா. அப்புசாமி, வழக்கறிஞராய் இருந்துகொண்டே எழுபது ஆண்டுகள் போல் எளிய தமிழில் விஞ்ஞானம் எழுதினார். பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராய்க் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாய் வெளிவந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987 முதல் சிறுவர்க்கு விஞ்ஞானம் கூறிவருகிறது. ஏட்டில் குறையில்லை. திரையில், பெயரைச் சொன்னால் ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் முகத்தை நினைவு கூரும்படியான ஒருவரை நாம் இதுகாறும் அமர்த்தவில்லை. திரைப்பட நடிகர் நூறு பேரின் பெயரைத் தயங்காமல் கூறும் நம் பிள்ளைகள், திரையில் கண்ட விஞ்ஞானப் பேச்சாளர் ஒருவரின் பெயரைக் கூறுவார்களா?

மலேசியத் தமிழருக்கு இது பின்னும் கூர்மையான பிரச்சினை. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816-இல். இருநூறாண்டு கடந்த கல்வி நம்முடையது. 2003-இல் அரசாங்கம் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கச் செய்தது. 2012 முதல் அத்திட்டம் படிப்படியாய்க் கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்ற என் போன்றோர்க்கு ஒளிச்சேர்க்கையும் ஈர்ப்புவிசையும் ஆங்கிலத்தில் அறிமுகமாயின; தாயும் பாட்டியும் தமிழில் அறிமுகமானவர்கள். பள்ளியில் கற்ற விஞ்ஞானம் வீட்டு வாசலோடு நின்றுவிட, வீட்டுக்குள் கிரகணமும் கண்ணேறும் நல்ல நேரமும் தமிழிலேயே வாழ்ந்தன. மூடநம்பிக்கை தாய்மொழியில் பேசுகிறது; விஞ்ஞானம் அயல்மொழியில் பேசுகிறது. இவ்விரண்டும் வழக்காடினால் வீட்டில் எது வெல்லும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இது நம் பிள்ளைகளின் அறிவுக்குறை அன்று. தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாய் இருந்து கணக்கெழுதும் நான் நாள்தோறும் காண்பதைக் கூறுகிறேன். பால்மரத்தின் பால் கோப்பையில் தானே உறைந்து ஒட்டுப்பால் ஆவதையும், அமோனியா கலந்தால் உறையாமல் நிற்பதையும், அமிலம் ஊற்றினால் கட்டியாவதையும் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாய் அறிவர். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குப் பரப்பில் மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களின் கதை காத்திருக்கிறது: ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த துகள்கள், அமிலத்தால் அத்தள்ளுதல் நீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இது பெரிய இரசாயனம். ஆனால் அது நடப்பது நம் பாட்டன்மார் காலையிருளில் கைவிளக்கோடு சென்ற நிரையிலே. பிள்ளையார் பால் குடித்த கதை ஒரே நாளில் உலகைச் சுற்றிற்று. பால்மரத்துப் பாலின் கதையை நூறாண்டாகியும் எவரும் நம் பிள்ளைகட்குத் தமிழில் சொல்லவில்லை. கைக்கெட்டும் பொருளிலிருந்து தொடங்கு என்ற யஷ்பால் நெறிக்கு நம் தோட்டங்களை விடச் சிறந்த பள்ளி எங்கே உண்டு?

அவர் தலைமையில் அமைந்த குழு 1993-இல் அளித்த அறிக்கையையும் இங்கே கருத வேண்டும். அதற்குத் தூண்டுதலாய் இருந்தவற்றுள் ஒன்று, சென்னையிற் பிறந்த எழுத்தாளர் ஆர். கே. நாராயண் இந்திய மாநிலங்களவையில் பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றி ஆற்றிய உரை. ஆராயப் புகுந்த யஷ்பால் குழு, முதுகின்மீதுள்ள மூட்டையைவிடக் கொடியது புரியாமற் படிக்கும் சுமையே என்று கண்டது. புரியாததை ஒப்பிக்கப் பழகிய பிள்ளை, புரியாத மந்திரத்தையும் ஒப்பிக்கும். புரியாத சோதிடத்தையும் ஏற்கும். பாடசாலையின் மனப்பாடமும் கோயிலின் மனப்பாடமும் உடன்பிறந்தவை. சமயத்தைச் சீர்திருத்த முனையும் நாம் பாடத்தையும் சீர்திருத்த முனைய வேண்டும் என்பதற்கு இதைவிட வலிய நியாயம் வேண்டுவதில்லை.

2019 டிசம்பர் 26-ஆம் நாள் வளையச் சூரிய கிரகணம் தமிழ்நாட்டின் கோவை, திண்டுக்கல் பகுதிகளையும், யாழ்ப்பாணத்தையும், நம் ஜொகூரின் தென்முனையையும், சிங்கப்பூரையும் ஒரே பாதையில் தொட்டுச் சென்றது. தமிழர் வாழும் நாடுகளை ஒரு நூலில் கோத்தாற்போன்ற அத்தகைய பாதை எளிதில் வாய்ப்பதன்று. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தார் தக்க கண்ணாடிகளோடு மைதானங்களில் மக்களைக் கூட்டிக் காட்டினர். பினாங்கில் பகுதிக் கிரகணம். நான்கு நாட்டுத் தமிழரும் ஒரே நேரத்தில் கேட்கும்படி, தமிழில், வியப்போடு, அச்சமின்றி அதனை விளக்கும் ஒரு குரல் அன்று இருந்திருக்குமாயின்! அந்தக் குரலுக்கு எவ்வளவு பொருள் இருந்திருக்கும்!

யஷ்பால் 2017 ஜூலை 24-ஆம் நாள் தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார். விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டு சென்றமைக்காக யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு 2009-இலும், பத்ம விபூஷண் 2013-இலும் அவரை அடைந்தன. அவருக்குச் சிலை வைக்குமாறு நான் கேட்கவில்லை. சிலைக்குப் பால் ஊற்றும் நாட்டில் அது அவருக்கு நாம் செய்யும் பழியாகவே முடியும். நான் கேட்பது மிகச் சிறிது. நம் ஒளிவழியார் இராசிபலனுக்குக் கொடுக்கும் காலைப் பொழுதில் அரை மணி நேரத்தை வாரம் ஒருமுறை பிள்ளைகளின் வினாக்களுக்குக் கொடுக்கட்டும். கொடுக்குமாறு நேயர்கள் கடிதம் எழுதட்டும். அதுவரை காத்திராமல், இதுபோன்ற சீர்திருத்த ஏடுகள் தங்கள் பக்கங்களில் ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளின் வினாக்களுக்கென ஒதுக்கட்டும். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் அவ்வினாக்களைத் திரட்டி அனுப்பட்டும். விடை கூற வல்லவர்கள் நம்மிடையே பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கின்றனர். அவர்களைத் தமிழில் பேசுமாறு கேட்பார்தாம் இல்லை.

தோழர்களே, கண்டனம் நமக்குக் கைவந்த கலை. அதனை விட்டுவிடுமாறு நான் கூறேன். ஆனால் ஒரு பொய்யைக் கண்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு மெய்யைக் காட்டுவதற்கும் நாம் கடமைப்பட்டவர்கள். காட்டுவதற்கு முன்பு, கேட்பவனை மதிக்கவும் கடமைப்பட்டவர்கள். இன்று உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால் அதட்டாதீர்கள். விடை தெரிந்தால் தமிழில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அப்பிள்ளையோடு அமர்ந்து தேடுங்கள். யஷ்பாலின் தொழில் அவ்வளவே. அதனைச் செய்ய துணைக்கோள் எதுவும் வேண்டுவதில்லை.